ஏரோப்ளான் தோணி

கோடரிச் சத்தம் ஆற்றங்கரை முழுக்கக் கேட்டது.

சாமிதுரை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

“டேய் இராஜாங்கம்! நிறுத்துடா! பைத்தியம் பிடிச்சுப் போச்சா உனக்கு?”

இராஜாங்கம் நிறுத்தவில்லை. தோணியின் அடியில் மூன்றாவது ஓட்டை விழுந்தது.

மரத்தோணி அல்ல அது, அலுமினியம். யுத்தகாலத்தில் முகத்துவாரத்தில் விழுந்து உடைந்த கடல் விமானத்தின் மிதவை. அந்த விமானத்துக்குச் சக்கரம் கிடையாது, இப்படி இரண்டு மிதவைகள்தான் கால். அதில் வந்த இரண்டு வெள்ளைக்காரர்களை நீந்திப் போய் இழுத்து வந்தவர் இராஜாங்கத்தின் அப்பா. ஒதுங்கிக் கிடந்த மிதவையின் மேல்தகட்டை வெட்டி எடுத்துச் சேரி ஜனங்கள் தோணியாக்கிக் கொண்டார்கள்.

மெடல் மட்டும் பண்ணையார் துரைராசுவின் அப்பாவுக்குப் போனது.

காப்பாற்றியது அவர்தான் என்ற அந்தப் பொய்யை உடைக்க ஆறு வருஷமாக அலைந்தவர் சாமிதுரை. விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர். இதைப் பற்றி மட்டும் நாலு துண்டுப் பிரசுரம் எழுதியிருக்கிறார். இன்று பதினொரு மணிக்கு, ஜில்லா சரித்திரம் எழுதும் புரொபசர் தோணியைப் படம் பிடிக்க வருகிறார்.

“பண்ணையார் சொல்லி அனுப்பினானா? புத்தகத்துல உங்கப்பன் பேர் வரக் கூடாதுன்னு?”

“எங்கம்மா விடியக்காலைல செத்துப் போச்சு, தோழர்.”



“தங்கம்மாளா? நேத்துகூடப் பேசுச்சேடா…” சாமிதுரையின் குரல் இறங்கியது. “அப்ப எதுல கொண்டு போவே? இதைப் போய் உடைக்கிறியே!”

சுடுகாடு அக்கரையில் இருந்தது. பாலத்துக்குப் போக ஒரே ரோடு, பெரியதெரு. அதில் சேரிப் பிணம் போகக் கூடாது. இருபத்தெட்டு வருஷமாகச் சேரியில் யார் செத்தாலும் இந்தத் தோணிதான்.

“ரோட்டுல கொண்டு போவேன்.”

“விட்டுடுவானா? ஆட்சி மாறி நாலு வருஷமாச்சு. துரைராசு தோள்ல துண்டு மாறிடுச்சு, தெரு மாறலையே.”

“தெரியும். தெருமுனைல ஆளுங்க நிக்கிறாங்க. போலீஸ் வேனும் வந்துடுச்சு.”

“பின்னே?”

“எங்கப்பாவையும் இதுலதான் வச்சுக் கொண்டு போனோம். ஐப்பசி வெள்ளம். நடு ஆத்துல தோணி சாஞ்சுச்சு. ரெண்டு வெள்ளைக்காரனைக் கரை சேர்த்த மனுஷன், அவர் பொணம் கிடைக்கவே இல்ல. அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே செத்துச்சு. ‘என்னை மட்டும் ஆத்துல ஏத்திடாதடா’ன்னு.”

“அதுக்குத்தானேடா உன் பேர்ல ரோட்டுக்கு மனுப் போட்டிருக்கோம்? பைசல் ஆகட்டும், அவசரப்படாதே.”

“பைசல் ஆயிடுச்சு, தோழர். போன மாசமே.”

“என்னது?”

“தள்ளுபடி. இந்தத் தோணி இருக்கிற வரைக்கும் நமக்கு ரோடு கிடையாது.”

சாமிதுரைக்கு ரத்தம் ஏறியது.

“எவன்டா அப்படி எழுதுனவன்? பண்ணை வீட்டு விருந்துல கை நனைச்ச எவனாவது இருப்பான். உத்தரவு எங்கே? கொண்டா. இன்னிக்கே பிரசுரம் போட்டு நாறடிக்கிறேன்.”

இராஜாங்கம் கோடரியைச் சாய்த்து வைத்தான். தலைப்பாகைத் துணியில் நெற்றியைத் துடைத்தான்.

“வேணாம் தோழர்.”

“கொண்டாடான்னா!”

“எம்பொண்ணு அம்சவல்லி படிச்சுச் சொன்னா. உங்ககிட்ட மட்டும் காட்டக் கூடாதுன்னு அம்மாவும் சொல்லிடுச்சு. ‘நமக்காக ஜெயிலுக்குப் போன மனுஷன், மனசு ஒடிஞ்சு போயிடும்’னு.”

“என் மனசு ஒடியுமா? எத்தனை தடியடி பார்த்தவன்டா நான்!”

இராஜாங்கம் இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தான்.

தாலுகா ஆபீஸ் முத்திரை. சாமிதுரை உரக்கவே படித்தார்.

“‘மனுதாரர் வகையறாவுக்குப் பிரேதங்களைக் கொண்டு செல்லத் தகுந்த மாற்று வழி உள்ளதென்பது, எதிர்மனுதாரர் திரு. துரைராசு தாக்கல் செய்துள்ள பிரசுரத்தால் தெளிவாகிறது. ஆகவே பெரியதெரு வழியாகப் பாதை கோர முகாந்திரம் இல்லை. அப்பிரசுரத்தின் வாசகம் வருமாறு…’”

அதற்குமேல் கண் மட்டும் படித்தது.

‘பண்ணையாரே, உன் தெரு எங்களுக்கு எதற்கு? உன் வீட்டுப் பிணம் மாட்டு வண்டிப் பாதையில் போகும். எங்கள் பிணம் ஆகாய விமானத்தில் போகும்! இப்படிக்கு, சாமிதுரை, செயலாளர்.’