முதுகுக்குப் பின்னால் ஓர் ஆட்டம்

கேலரியில் நானூறு பேரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று ஆட்டம் தோற்றதற்காகக் கால்பந்துப் பயிற்சியாளர் லாசரை கிளப் நீக்கிய பிறகு நடக்கும் முதல் ஆட்டம் அது. டிரம் அடிக்கிற செலஸ்டின் குச்சிகளைச் சட்டைக்குள் செருகி வைத்திருந்தான். பதினாறு வருஷமாக, லாசர் கோட்டோரத்தில் நின்று கையைத் தூக்கினால்தான் அவன் டிரம் பேசும்.

கிளப் செயலாளர் கனகராஜ் படியேறி வந்து கெஞ்சினார். "ஒரு அடியாவது அடிடே. பயலுவளுக்குக் காலே ஓடல."

"கை தூக்க ஆளில்லையே."

இரண்டாம் பாதியில் லாசரே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். உச்சிப்படியில் மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்தார். நானூறு பேருக்கும் எதிரே இப்போது அவர் முகம் இருந்தது. அது சுருங்கினால் பந்து பறிபோய்விட்டது என்று அர்த்தம். அவர் செருப்புக்கால் படியை உதைத்தால் பந்து முன்னால் பாய்கிறது என்று அர்த்தம். செலஸ்டின் இமைக்காமல் பார்த்தான்.

திடீரென்று லாசர் துள்ளி எழுந்தார். பழக்கதோஷத்தில் கை மேலே போய்விட்டது. பதறி இழுத்துக்கொள்வதற்குள் டிரம் இடித்தது. கேலரியே எழுந்து அவரைப் பார்த்துக் கத்தியது.

கனகராஜ் மூச்சிரைக்க ஓடிவந்து செலஸ்டின் முன்னால் நின்றார். "கோலுக்கு அடிச்சாச்சுல்லா? இனியாவது திரும்புங்கடே!"

"கோலா? அத யாரு பாத்தா?" செலஸ்டின் குச்சியை நிறுத்தவில்லை. "தள்ளி நில்லும்வே. ஆட்டம் மறைக்குது."