உதடு ஒட்டாத சொல்

திரையில் ராணி வாய் திறந்தாள். ஒரே ஒரு சொல். மூடிக்கொண்டாள்.

"அக்கா, இந்த இடத்துக்கு இன்னும் வார்த்தை இல்ல," என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர்.

மைக்கின் முன்னால் நின்றிருந்தவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வசனம் இருக்கவேண்டிய இடத்தில் 'கூப்பிடுகிறாள்' என்று மட்டும் இருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று மொழிபெயர்த்தவர் எழுதவில்லை.

வேற்றுமொழித் தொடர். முதல் பகுதியிலிருந்து அந்த ராணிக்கு இவள்தான் தமிழ்க் குரல். இன்று கடைசிப் பகுதியின் கடைசிக் காட்சி.

அந்த ராஜா குதிரைக்காரனாகத் தொடங்கியவன். புல்வெளியை வென்றபோது அவனைக் கான் என்றார்கள். நீரூற்றுகள் நிறைந்த நாட்டைப் பிடித்தான், ஷா ஆனான். கடற்கரை நகரங்கள் பணிந்ததும் சுல்தான். பனிநாட்டுத் தூதர்கள் வந்து, தங்கள் ஊர் வழக்கப்படி, ஜார் என்று மண்டியிட்டார்கள்.

ஒவ்வொரு பட்டத்துக்கும் சிம்மாசனத்தில் ஒரு படி கூடியது. ராணி இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடவேண்டியிருந்தது.

இவளுக்கு அந்தச் சொற்களின் மேல் கொள்ளை ஆசை. பாத்திரம் கழுவும்போதுகூடச் சொல்லிப் பார்ப்பாள். கான் என்றால் குதிரையின் மூச்சு. ஷா என்றால் தண்ணீர் விழும் ஓசை. ஜார் என்றால் உறைந்துபோன கதவை யாரோ இழுக்கும் சத்தம்.

எந்தப் பட்டமானாலும், சொல்லி முடித்ததும் ஹெட்ஃபோனில் ராஜாவின் குரல் பதில் சொல்லும். அதற்காகவே அவள் ஒவ்வொரு வாரமும் வந்தாள். இன்றோடு அதுவும் முடிகிறது. அவனை இன்னும் ஒருமுறைதான் கூப்பிடலாம்.

திரையில் ராஜா வாசலில் நின்றான். போர் தோற்று, நாடுகள் எல்லாம் கைவிட்டுப்போய், முழங்கால் வரை சேறாக, கிரீடம் இல்லாமல்.

"மன்னா," என்றாள்.

"உதடு ஒட்டுதுக்கா. திரையில அந்தம்மாவுக்கு ஒட்டல."

பாதுஷாவுக்கும் அதே கதை. சுல்தானுக்கு உதடு குவிந்தது. கான், திரையில் வாய் மூடும் முன்பே தீர்ந்துபோனது. 'ராஜா' பொருந்தியது, ஆனால் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கொஞ்சுவதுபோல் வந்து விழுந்தது. பழைய தமிழில் ராஜாவுக்கு ஒற்றை எழுத்தில் ஒரு பெயர் உண்டே என்று 'கோ' சொல்லிப் பார்த்தாள்.

"இருமற மாதிரி இருக்குக்கா."

'அரசே' கச்சிதமாக உட்கார்ந்தது. இன்ஜினியர்தான் வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"அரசாங்கமே கைய விட்டுப் போயிருச்சு. இப்பப் போயி அரசேன்னா, குத்திக்காட்டற மாதிரி இல்ல?"

அதுவும் சரிதான்.

மூலத்தைப் போடச் சொல்லிக் கேட்டாள். அந்த மொழி அவளுக்குத் தெரியாது. ஆனால் அதில் உள்ள பட்டங்களையெல்லாம் இத்தனை பகுதிகளில் கேட்டுப் பழகியிருந்தாள். இது அவற்றில் எதுவும் இல்லை. கொம்பு ஊதாத சொல். வீட்டுக்கு உள்ளேயிருந்து வருகிற சொல்.

"அவரு பதில் ரெக்கார்ட் ஆயிருச்சா?"

"ராஜாவுக்குப் பேசற சார் போன வாரமே முடிச்சிட்டாரு. அதுல ஒரு கூத்துக்கா. தாள்ல 'நாம் திரும்பிவிட்டோம்'னு இருக்கு. அவரு வேற என்னவோ சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி, நீங்க கூப்பிடற இடம் காலியா இருந்துச்சில்ல, அத மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாரு. ஒண்ணுமே இல்லாததுல என்னத்த சார் கேக்கறீங்கன்னேன். சிரிச்சாரு."

"போடு."

படைகளுக்கு ஆணையிட்ட அதே குரல். இப்போது குனிந்து செருப்பைக் கழற்றுகிறவனின் குரலாக இருந்தது.

வந்துட்டேன்.

அவள் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"டேக் போலாம்," என்றாள்.

வாசல். சேறு. ராணி வாய் திறந்தாள்.

"என்னங்க."

உதடு ஒட்டவில்லை. ராணி தொடங்கிய இடத்தில் தொடங்கி, அவள் முடித்த இடத்தில் முடிந்தது. மறுகணம் காதுக்குள் பதில் வந்தது. அந்தச் சொல்லுக்காகவே பதிந்து வைத்ததுபோல.

இன்ஜினியர் வாய்விட்டுச் சிரித்தான். "வாயசைவோட சிங்க் அப்பிடியே ஒட்டிக்கிச்சு. ஆனா ராணி மாதிரியா இருக்கு? அடுப்படியிலேருந்து வீட்டுக்காரரக் கூப்பிடற மாதிரியில்ல இருக்கு!"



அவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே நாளில் நேரம் கொடுக்கக்கூடாது என்று மட்டும் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். குடும்ப நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே போனதை யாரும் சொல்லவில்லை.

"நாளைக்கு சார் கரெக்‌ஷனுக்கு வர்றாரு. இதப் போட்டுக் காட்டட்டுமா? இல்ல, வேற வார்த்தை ஏதாச்சும் பாக்கலாமா?"

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மெதுவாகக் கொக்கியில் மாட்டினாள்.

"எத்தனை மணிக்கு வர்றாரு?"