அத்தையின் உள்ளங்கை

நெம்மேலிக் குப்பத்து அங்கன்வாடி வாசலில், கடலில் பட்டுத் தெறிக்கும் காலை வெயிலுக்குக் கண் கூசுகிறது. இன்று தட்டம்மை ஊசி போடுகிறார்கள். படகிலிருந்து நேராக வந்த அரவிந்தன், கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி உள்ளே போகாமல் நிற்கிறான். அவன் முழங்கையில் மீன் செதில்கள் மின்னுகின்றன. "போன ஊசிக்கே ராவெல்லாம் காய்ச்சல்ல அனத்திகினு இருந்திச்சி. எனக்கு மனசு வரல," என்கிறான். "ஒரு ராத்திரி காய்ச்சல நாம பாத்துக்கலாம்யா. உன் தங்கச்சிக்கு வந்தத யாரால தடுக்க முடிஞ்சிச்சி?" என்கிறாள் மனைவி வச்சலா. பக்கத்தில் நிற்கும் தங்கை பிரியங்காவுக்கு இந்தப் பேச்சு கேட்கவில்லை. சின்ன வயதில் கண்ட தட்டம்மையோடு அவளுக்குக் காது போய்விட்டது. ஆனால் அண்ணனின் முகம் அவளுக்குப் புரிகிறது. சிரித்தபடி கைகளை நீட்டுகிறாள். அவன் அவளையே பார்க்கிறான், பிறகு குழந்தையைக் கொடுத்துவிடுகிறான். நர்ஸம்மா ஊசியைப் போட்டதும் குழந்தை வீறிடுகிறது. வாசலில் இரை பொறுக்கிய காக்கைகள் கலைந்து பறக்கின்றன. "யம்மாடி, இன்னா தொண்ட பாரேன்!" என்று அரவிந்தனே சிரித்துவிடுகிறான். பிரியங்கா அந்தச் சின்ன நெஞ்சில் உள்ளங்கையை வைக்கிறாள். அழுகை அதிர்ந்து அதிர்ந்து அவள் கைக்கு வந்து சேர, முகமெல்லாம் மலர்ந்து, இன்னும் கொஞ்சம் அழு என்பதுபோல் குழந்தையைப் பார்த்துத் தலையாட்டுகிறாள்.