ஒச்சாயியின் படம்

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இதுதான் ஒச்சாயி வயிறு!" பேயாண்டி அந்தக் கருப்புத் தகட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தான். மந்தைத் திடலில் கூடியிருந்த ஊர் எட்டி எட்டிப் பார்த்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படம் அது. யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் உசிலம்பட்டியிலிருந்து அவனும் அவன் பெண்டாட்டியும் போய் எடுத்து வந்திருந்தார்கள். வாக்கப்பட்டு வந்து இத்தனை வருஷமாகியும் பிள்ளை இல்லாத ஒச்சாயி, கூட்டத்துக்கு நடுவே தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"இத எப்படிடா எடுத்தாக?" ஊர்ப் பெரியவர் விருமாண்டி கேட்டார். நியாயம் சொல்ல வந்தவருக்கும் கதை கேட்கும் ஆசை விடவில்லை.

"ஒண்ணுக்குப் போற வழியில ரப்பர்க் குழாய விட்டு மருந்துத் தண்ணிய ஏத்துறாக பெரியப்பா. பை நெறஞ்சு முட்டிக்கிட்டு நிக்கும். அந்த மருந்து படத்துல வெள்ளையா விழுகும். அப்புறம் மேசையில படுத்தபடியே ஒண்ணுக்குப் போகச் சொல்லி, போறப்பப் படம் புடிக்கிறாக. வழி எங்கன அடைச்சிருக்கோ, அங்கன வெள்ளை நின்னுரும்."

"ஆம்பள டாக்டரு முன்னாலயா?" ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு மந்தை முழுக்கப் பரவியது. ஒச்சாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நெருப்பாட்டம் எரியும் பெரியப்பா." சொல்லும்போதே பேயாண்டியின் முகம் சுருங்கிப் போனது. பெண்டாட்டி பட்ட வலிக்கு இப்படிக் கலங்குகிற புருஷன் அந்தப் பக்கத்தில் அபூர்வம்தான்.

விருமாண்டி தகட்டைக் கையில் வாங்கினார். வெள்ளைக் குடம்போல் ஒன்று தெரிந்தது. அதற்குக் கீழே மெல்லிய கோடு இறங்கி, பாதியில் நின்றுபோயிருந்தது.

"இங்கதான் அடைப்பு. வழியே இல்லேன்னா பிள்ளை எங்கிட்டு வரும்?" என்றான் பேயாண்டி. ரெண்டு வழியும் வேறு வேறு என்று அறிந்த பொம்பளைகள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"இது என்னடா, குடத்துக்குப் பக்கத்துல? குட்டைக் குழாயாட்டம், ரெண்டு காது வச்ச மாதிரி?"

"அதுவா... அவ தாலி. வெள்ளி, தங்கம் எதுவும் ஒடம்புல இருக்கக் கூடாது, படத்துல விழுகும்னு டாக்டரு சொன்னாரு. உசுரே போனாலும் கழத்த முடியாதுன்னுட்டா. படுத்தப்பக் கயிறு எறங்கிக் கெடந்திருக்கு." பேயாண்டி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"அந்த மட்டுக்கும் நல்ல பிள்ளைதான்" என்று விருமாண்டி தலையாட்டினார். "ஏத்தா, இது ஒன் படந்தானா?"

ஒச்சாயி புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா மாமா" என்றாள்.

"பெறகென்ன? துரும்பக் குடுத்து அத்து விட்டுருங்க" என்றான் பேயாண்டி. ஒச்சாயி வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"அத்து விடவா? ஊரு வாய அடைக்கத்தான்னு சொன்னீக?"

"மலட்டு மாட்டக் கட்டிவச்சு எவன் தீனி போடுவான்?" அவன் அவளிடம் சொல்லவில்லை, ஊரைப் பார்த்துச் சொன்னான். ஊர் மறுபடி சிரித்தது.

முன்வரிசையில் கருத்தக்கண்ணன் வெற்றிலை மென்றபடி காத்திருந்தார். அவர் மகளைத்தான் பேயாண்டிக்கு இரண்டாம் தாரமாகப் பேசி முடித்திருந்தது. கூடப்பிறந்த அண்ணன் நல்லகாமனைத் தேடி ஒச்சாயியின் கண்கள் அலைந்தன.

நல்லகாமன் எழுந்து துண்டை உதறினான். "எங்கிட்டு வேணாலும் போகட்டும். என் வாசலுக்கு மட்டும் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். அவள் வாய்விட்டு அழுதாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

விருமாண்டி கீழே கிடந்த வைக்கோல் துரும்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பேயாண்டி அதை வாங்கி ஒச்சாயியின் கையில் வைத்தான். அந்த ஊர் வழக்கப்படி அத்தோடு உறவு முடிந்தது.

"தாலியக் கழத்திக் குடுத்துரு ஆத்தா."

ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. தாலியைக் கழற்றி விருமாண்டியின் உள்ளங்கையில் வைத்தாள்.

மஞ்சள் கயிற்றில் துவரம்பருப்பு அளவுக்கு வட்டமாக ஒரு பொட்டுத் தாலி. விருமாண்டி அதைப் பார்த்தார். பிறகு தகட்டைப் பார்த்தார்.

"மாமா, இந்தத் தாலியத் தொட்டுத்தான் பஸ்ஸுல எங்கிட்டச் சத்தியம் வாங்குனாரு" என்றாள் ஒச்சாயி. "இப்பத் தாலியும் இல்ல, சத்தியமும் இல்ல."

"என்ன சத்தியம்?"

"அவ கெடக்கா, நீங்க எந்திரிங்க பெரியப்பா!" பேயாண்டி தகட்டைப் பிடுங்கப் பாய்ந்தான். விருமாண்டி விடவில்லை.

ஒச்சாயி கையிலிருந்த துரும்பால் அந்த ரெண்டு காது வெள்ளையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கருத்தக்கண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சித்தப்பா, பொண்ணு குடுக்க முந்தி, ஒங்க மாப்ள அருணாக்கொடியில தொங்குற தாயத்த இது மேல வச்சுப் பாருங்க."