நாய் போட்ட கணக்கு

மதிய வெயிலில் இரண்டாம் வகுப்பே கனவில் மிதந்தது. வித்தை காட்ட வந்தவரின் நாய் கணக்குப் போட்டு, விடை எத்தனையோ அத்தனை முறை குரைக்கிறதே! விடை வந்ததும் வித்தைக்காரர் லேசாகத் தலையசைப்பார், அது குரைப்பதை நிறுத்திவிடும். இந்த ரகசியம் அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

"நீங்க வெளியே நில்லுங்க சார், பார்க்கலாம்" என்றார் டீச்சர்.

வித்தைக்காரர் நாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே போனார்.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே கேட்டார். "பதினஞ்சுல எட்டு போனா?"

நாய் சரியாக ஏழு முறை குரைத்து நின்றது.

வித்தைக்காரர் உள்ளே ஓடிவந்தார். நாயின் கண் கடைசி பெஞ்சுச் சிறுமிமேலேயே இருந்தது. "அந்தப் பொண்ணு யாரு டீச்சர்?" என்றார்.

"அவளா? கணக்குல மக்கு சார். கேட்டா வாயே திறக்க மாட்டா" என்றார் டீச்சர்.

ஒரு கணம் தயங்கிய வித்தைக்காரர், தொழில் ரகசியத்தைப் போட்டு உடைத்தார்.

"நாய்க்கு ஒண்ணுமே தெரியாது டீச்சர். நான் தலையசைச்சா நிறுத்தும், அவ்வளவுதான். இன்னிக்கு அவ அசைச்சிருக்கா."