ஒத்துப்போனவர்கள்

நுரையீரல் படங்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி படித்த பிறகு மூன்று மருத்துவர்களும் பார்த்துத் தங்கள் முடிவைப் பதிய வேண்டும். யார் கருவியோடு எத்தனை முறை ஒத்துப்போகிறார் என்பதை எக்ஸெல் தாள் ஒன்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கியவரின் கருத்தும் கையெழுத்தும் எந்த ஆஸ்பத்திரியிலும் செல்லாது. டாக்டர் பெர்னதெத் அன்று சரியாக எண்பதில் இருந்தாள்.

உப்பளத்தில் வேலை செய்யும் சண்முகக்கனிக்கு 'நோய் இல்லை' என்றது கருவி. மற்ற இரண்டு மருத்துவர்களும் அதையே பதிந்திருந்தார்கள். பெர்னதெத்தின் கண்ணுக்கோ வலது நுரையீரலின் மேல்பக்கம் கட்டி தெளிவாகத் தெரிந்தது. இருபது நிமிடம் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு 'புற்று' என்று பதிந்தாள்.

அவளுடைய விகிதம் 79.9 ஆனது. அவள் பெயர் இருந்த வரிசை சாம்பல் நிறமாகி, சற்றுமுன் பதிந்த முடிவும் நீங்கியது. மீதி இருவரும் நூறு சதவீதம் ஒத்துப்போவதாகத் தாள் காட்டியது.

பெர்னதெத் வெளியே போய், பெஞ்சில் காத்திருந்த சண்முகக்கனியிடம் உள்ளதைச் சொன்னாள். "மதுரைக்குப் போயிருங்க. நாள் கடத்தாதீங்க."

சண்முகக்கனி கருவி அச்சடித்துத் தந்திருந்த சீட்டைக் காட்டினாள். "இதுல ஒண்ணுமில்லன்னுல்லா போட்டிருக்கு, டாக்டரம்மா. அங்கயும் இதத்தான கேப்பாக?"

"ஆமா."

"அப்ப நீங்க ஒரு சீட்டு எழுதித் தாங்க."

பெர்னதெத் எழுதிக் கொடுத்தாள். தன் கையெழுத்து இனி எந்த ஆஸ்பத்திரியிலும் செல்லாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சண்முகக்கனி அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, மதுரை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.