சொட்டைக்குச் சொட்டு மருந்து

“சிஸ்டர், அந்தக் கண்டக்டர்கிட்ட நேத்து என்ன சொன்னீங்க?”

கேட்டவர் தோல் மருத்துவர். அந்தச் சிறிய மருத்துவமனைக்கு அண்மையில்தான் வந்து பொறுப்பேற்ற பெண்மணி.

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த மூத்த செவிலி நிமிர்ந்தார்.

“என்ன சொன்னேன் டாக்டர்?”

“‘புதுசா நாலு முடி எட்டிப் பாக்குது’ன்னு சொன்னீங்க. என் காதாலேயே கேட்டேன்.”

செவிலி சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை.

கண்டக்டர் என்று அவர் குறிப்பிட்டது, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவரை. மேற்கம்பியைப் பிடித்துப் பிடித்தே தேய்ந்துபோன தோள் அவருக்கு. கை உச்சந்தலைவரை எழாது. ஆகவே, முன்பிருந்த மருத்துவர் வழுக்கைக்கு எழுதிக் கொடுத்த மருந்துப் புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாலைதோறும் இங்கேயே வந்துவிடுவார். செவிலி அவரை நாற்காலியில் அமர்த்தி, பின்னால் நின்று, சொட்டுச் சொட்டாக விட்டு, விரல்நுனியால் தேய்த்துவிடுவார். ஓராண்டுக்கும் மேலாக இது நடந்து வருகிறது.

“நான் அவர் தலையைப் பரிசோதிச்சுப் பாத்துட்டேன். வழுக்கை விழுந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. வேரே இல்லாத இடத்துல எதைத் தடவினாலும் முளைக்காது. உங்க அனுபவத்துக்கு இது தெரியாதா?”

“தெரியும் டாக்டர்.”

“அப்போ தெரிஞ்சே பொய் சொல்றீங்க. நம்பி வர்ற மனுஷனை ஏமாத்தறது தப்பில்லையா?”

செவிலி இன்னொரு கையுறையையும் உருவினார்.

“அவருக்கு வீட்டுல யாரும் இல்லை டாக்டர். பஸ் நிறையக் கூட்டத்தோட வாழ்ந்தவரு. இப்போ கதவைத் திறந்து உள்ளே போனா நாலு சுவர்தான். ‘சாப்பிட்டியா’ன்னு கேக்கக்கூட ஆள் கிடையாது. இங்க வந்தா ஏதோ கொஞ்சம் பேசுவாரு, சிரிப்பாரு. முடி வளராதுன்னு சொல்லிட்டா, நாளைக்கு எந்தச் சாக்கைச் சொல்லிக்கிட்டு வருவாரு?”

“பேச்சுத்துணைக்கு மருந்துதான் கெடச்சுதா? பூங்காவுக்குப் போகட்டும். நீங்க சொல்ல வேண்டாம்; இன்னைக்கு நானே சொல்லிடறேன்.”

“சரிங்க டாக்டர்.”

கழற்றிய கையுறைகளைச் செவிலி குப்பைக்கூடையில் போட்டார். “என்னைக்கு இருந்தாலும் சொல்லித்தானே ஆகணும்” என்று தமக்குத்தாமே முணுமுணுத்துக்கொண்டார்.

மாலையில் நடத்துநர் வந்தார்.

“வணக்கம் டாக்டரம்மா! சொட்டைக்குச் சொட்டு மருந்து போட்டுக்க வந்திருக்கேன். பச்சைப் புள்ளைங்க வாயைத் திறக்கும். நான் தலையைக் குனிவேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

வழக்கமாக உடன் சிரிக்கும் செவிலி, “எனக்கு ஊசி அறையில வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாராமலே அகன்றார்.

“உக்காருங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்” என்றார் மருத்துவர்.

“ஆகா, டிக்கெட் செக்கிங் மாதிரி இல்ல கூப்பிடறீங்க!”

“இந்த மருந்தால உங்களுக்குப் பலன் இல்லை. இனிமேலும் இருக்காது. முடி மெலிய ஆரம்பிச்சப்பவே தடவியிருந்தா கொஞ்சம் பிரயோஜனம் இருந்திருக்கும்.”

“ஸ்டாப்பிங் தாண்டின பஸ்ஸுக்குக் கை காட்டின கதைன்னு சொல்லுங்க.”

“அதேதான். வீணாத் தடவிக்கிட்டு இருக்க வேண்டாம். நாளையிலேர்ந்து நிறுத்திடுங்க.”

அவர் அதிர்ச்சியடைவார் என்று மருத்துவர் எதிர்பார்த்தார். அவரோ தலையை மட்டும் ஆட்டினார்.

“அது எனக்கு எப்பவோ தெரியும் டாக்டரம்மா. முன்னால ஒரு கண்ணாடி, பின்னால ஒரு கண்ணாடி வச்சுப் பாத்துட்டேன். மொழுமொழுன்னு பலகை மாதிரி இருக்கு.”

“தெரிஞ்சுமா தினம் வந்தீங்க?”

“வந்தேன்.”

மருத்துவரின் குரல் தணிந்தது. “புரியுதுங்க. தனியா இருக்கறது கஷ்டந்தான். ஆனா அதுக்கு…”

“தனியா இருக்கறது எனக்குப் பழகிப்போச்சு. தவிர, பழைய டிப்போ ஆளுங்க தினமும் சாயங்காலம் சீட்டாடக் கூப்பிடறாங்க. ‘மொட்டைத் தலைக்கு மருந்தாம், போறான் பாரு மாப்பிள்ளை’ன்னு கேலி வேற பண்றாங்க. அவங்களை விட்டுட்டுத்தான் இங்க வர்றேன்.”

“பின்னே எதுக்கு வர்றீங்க? முடி எட்டிப் பாக்குதுன்னு சிஸ்டர் சொன்னதை நம்பியா?”

“அவங்க சொல்வாங்க. நானும் ‘அப்படியா தங்கச்சி, ரொம்ப சந்தோஷம்’னு சொல்வேன்.”

அவர் ஊசி அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப்போட்டுக்கொண்டார்.

“நிறுத்தச் சொல்லாதீங்க டாக்டரம்மா. நான் வரலைன்னா அந்தத் தங்கச்சிதான் கஷ்டப்படும்.”

“சிஸ்டரா? அவங்களுக்கு என்ன? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சிரிச்ச முகமாத்தானே இருக்காங்க? நான் தினமும் பாக்கறேனே!”

“நீங்க எதிர்ல நின்னு பாக்கறீங்க. எனக்குப் பின்னால நிக்கும்போது அவங்க முகத்தைப் பாக்க யாரும் இல்லைல்ல?” நடத்துநர் குரலை இன்னும் தாழ்த்தினார். “மருந்து எப்பவும் சில்லுன்னுதான் விழும் டாக்டரம்மா. சில நாள், சூடா ஒரு சொட்டு விழுது.”